கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்

ஸ்கேன் அறிக்கையில் "ஃபைப்ராய்டு, 5 சென்டிமீட்டர்" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் பேச்சு உடனே ஆபரேஷனுக்குப் போய்விடுகிறது. "குழந்தைங்க பிறந்தாச்சே, இனிமே அது எதுக்கு, எடுத்துட்டா நிம்மதி" என்று உறவினர்கள் சொல்வார்கள். பல மருத்துவமனைகளிலும் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தைத்தான் கேட்க முடிகிறது. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்குக் கர்ப்பப்பை ஏற்கனவே எடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு 34 வயதுக்குள்ளேயே அந்த அறுவை நடந்திருந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. காரணம் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னது அதிக உதிரப்போக்கும் வலியும். ஐந்தில் ஒருவர் சொன்னது கட்டி. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்படுவது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அதைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவும் பிறந்தது. அறுவை கூடாது என்பது என் வாதமல்ல. எடுப்பதா வேண்டாமா என்பதைக் கட்டியின் அளவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அது அந்தப் பெண்ணுக்கு என்ன தொல்லை தருகிறது என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். சும்மா விடுவதற்கும் முழுதாக எடுப்பதற்கும் நடுவே நிரூபிக்கப்பட்ட வழிகள் பல இருக்கின்றன. அவற்றையெல்லாம் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஃபைப்ராய்டு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசைச் செல்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகி, நாரும் தசையும் சேர்ந்த ஒரு கெட்டியான உருண்டையாகத் திரள்வதுதான் ஃபைப்ராய்டு. தமிழில் நார்த்திசுக்கட்டி என்கிறோம். சினைப்பையில் வரும் நீர்க்கட்டி வேறு, இது வேறு. இரண்டையும் "கர்ப்பப்பையில் கட்டி" என்று ஒன்றாகச் சொல்லிக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் இதற்குத் தீனி. அதனால்தான் இது மாதவிடாய் வரும் வயதில் வளர்கிறது, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்குகிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஸ்கேன் ஆய்வு, 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் ஃபைப்ராய்டு உருவாகிவிடுகிறது என்று கணக்கிட்டது. அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இவ்வளவு பேருக்கு இயல்பாக வரும் ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் எடுத்தாக வேண்டும் என்றால், பாதி ஊருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும்.

அளவைவிட இடம் முக்கியம். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் பிதுங்கி நிற்கும் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, மாதாமாதம் ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளும் அளவுக்கு உதிரப்போக்கை உண்டாக்கலாம். வெளிச்சுவரில் தொங்கும் ஆறு சென்டிமீட்டர் கட்டி, இருக்கும் சுவடே தெரியாமல் இருந்துவிட்டுப் போகலாம். சுவருக்குள்ளேயே புதைந்திருப்பது இரண்டுக்கும் நடுவில். பெரிதாக வளர்ந்தது முன்பக்கம் சிறுநீர்ப்பையை அழுத்தினால் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். பின்பக்கம் மலக்குடலை அழுத்தினால் மலச்சிக்கல் வரும். ஆகவே அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது சென்டிமீட்டரை அல்ல, கட்டி எந்தச் சுவரில், குழியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட வகைப்பாடும் இடத்தை அடிப்படையாகக் கொண்டு 0 முதல் 8 வரை எண் தருகிறது. அந்த எண் தெரிந்தால் எந்தச் சிகிச்சை பொருந்தும், எது பொருந்தாது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

"இப்போ விட்டா வளர்ந்துக்கிட்டே போகுமே" என்பது அடுத்த பயம். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 72 பெண்களின் 262 கட்டிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பின்தொடர்ந்தது. ஒரே பெண்ணின் வயிற்றில், ஒரே ஹார்மோன் சூழலில் இருக்கும் கட்டிகளே வெவ்வேறு வேகத்தில் போயின. ஒன்று வளர்ந்தது, பக்கத்தில் இருந்தது அப்படியே நின்றது, இன்னொன்று சுருங்கியது. எல்லாக் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் 7 சதவீதம் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கணிசமாகச் சிறுத்திருந்தன. ஆக, வளர்ந்தே தீரும் என்ற கணிப்புக்கு அடிப்படை இல்லை. தொந்தரவு தராத கட்டியை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பது முறையான மருத்துவ வழி, அலட்சியம் அல்ல. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதில் இருக்கும் ஒருவருக்கு இன்னும் சில ஆண்டுகளில் மாதவிடாய் நிற்கும்போது பிரச்சினை தானாக அடங்கிவிட வாய்ப்புண்டு. அந்த இடைக்காலத்தைச் சமாளிக்க ஒரு வழி கிடைத்தாலே பலருக்குப் போதும்.

ஆனால் காத்திருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது காத்திருக்கக் கூடாது. மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, பெரிய ரத்தக்கட்டிகள் விழுவது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்காமல் போவது, படியேறினால் மூச்சு வாங்குவது, இவை எதையும் "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்" என்று ஒதுக்கக் கூடாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தச்சோகை இருந்தது. ஏற்கனவே வற்றிய உடம்பிலிருந்து மாதந்தோறும் இன்னும் ரத்தம் போனால் அது இதயம் வரை பாதிக்கும். எனவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ஹீமோகுளோபினைப் பார்ப்பது. குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை, அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அல்லது போதாவிட்டால் ரத்தநாளம் வழியாக இரும்புச்சத்து. இதுவும் ஃபைப்ராய்டு சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இங்கே மிகக் கனமான எதிர்வாதம் ஒன்று வரும்: "அது புற்றுநோயாக மாறிவிட்டால்?" பயந்துபோய்க் கையெழுத்துப் போடுபவர்களில் பலரை உந்துவது இந்தக் கேள்விதான். ஃபைப்ராய்டு புற்றுநோய் அல்ல. கர்ப்பப்பைத் தசையில் வரும் சார்கோமா என்ற அரிய புற்றுநோய் பெரும்பாலும் தனியாகவே தோன்றுகிறது, சாதாரண ஃபைப்ராய்டு முற்றி அப்படி ஆவதில்லை என்பதே இன்றைய மருத்துவப் புரிதல். ஆனால் இரண்டும் ஸ்கேனில் ஒரே மாதிரி தெரியக்கூடும் என்பது உண்மை. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு மறைந்திருக்கும் சார்கோமா இருக்கலாம் என்று 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மதிப்பிட்டது. அது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. வயது கூடக் கூட அபாயமும் கூடும். மாதவிடாய் நின்றபின் புதிதாக வளரும் கட்டி, மாதவிடாய் நின்றபின் வரும் உதிரப்போக்கு, எம்.ஆர்.ஐ.யில் சந்தேகம் எழுப்பும் தோற்றம், இவை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. 45 வயதைக் கடந்து ஒழுங்கற்ற உதிரப்போக்கு இருப்பவர்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்த பிறகே வேறு சிகிச்சை தொடங்க வேண்டும். இந்தச் சோதனைகளைச் செய்வதுதான் புற்றுநோய்ப் பயத்துக்கான பதில். சோதிக்காமலே "எதுக்கும் எடுத்துடலாம்" என்பது பயத்தைக் காரணமாக்குவது.

சரி, நடுவில் இருக்கும் வழிகள் என்ன? முதல் படியில் இருப்பவை உதிரப்போக்கைக் குறைக்கும் எளிய மருந்துகள். ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் கண்டறிந்தார்கள். உறைந்த ரத்தம் மறுபடி கரைவதை இது தடுக்கிறது. போக்கு அதிகமாக உள்ள நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போதும். ஹார்மோன் இல்லை, விலையும் குறைவு. காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் கூடாது. வலிக்குத் தரப்படும் மெஃபனமிக் அமிலம் போன்றவை வலியோடு போக்கையும் ஓரளவு குறைக்கும். அடுத்தது, லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனைக் கர்ப்பப்பைக்குள் மட்டும் சிறுகச் சிறுகக் கசியவிடும் வளையம். 5 ஆண்டுகள் வரை போக்கைக் கட்டுக்குள் வைத்திருக்கும், நல்ல கருத்தடையும்கூட. கட்டி உட்குழியையே உருமாற்றியிருந்தால் இது பொருந்தாது. கட்டி உள்ளவர்களுக்கு வளையம் வெளியே வந்துவிடும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். இவை எதுவும் கட்டியைக் கரைக்காது. ஆனால் உங்கள் தொல்லை உதிரப்போக்குதான் என்றால் போக்கு நின்றதும் தொல்லை தீர்ந்தது. கட்டி இருந்துவிட்டுப் போகட்டும். இந்த எளிய மருந்துகளைச் சில மாதங்கள்கூட முயன்று பார்க்காமல் நேராக அறுவை அரங்குக்குப் போவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அடுத்த படி, கட்டிக்குத் தீனியாகும் ஹார்மோன்களை மூளையின் பக்கமிருந்தே நிறுத்துவது. லூப்ரோலைடு போன்ற ஊசிகள் தற்காலிகமாக மாதவிடாயை நிறுத்திவிடும். மூன்று மாதத்தில் கட்டி கணிசமாகச் சுருங்கும், ரத்தமும் ஏறும். ஆனால் உடம்பு வெப்பமேறுவது, தூக்கம் கெடுவது, எலும்பு தேய்வது என்று மாதவிடாய் நின்றவர்களுக்கு வரும் எல்லாத் தொல்லைகளும் வரும். ஊசியை நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். அதனால் பெரும்பாலும் அறுவைக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொள்ளவும் கட்டியைச் சிறிதாக்கவும் மட்டுமே பயன்படுகிறது. இந்தக் குறையைத் தீர்க்க வந்தவை வாய்வழி மாத்திரைகள். ரெலுகோலிக்ஸ் என்ற மருந்தோடு சிறிதளவு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்த மாத்திரையை அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. அதற்கு அடிப்படையான லிபர்ட்டி ஆய்வுகள் இரண்டிலும் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 73, 71 சதவீதம் பேருக்கு உதிரப்போக்கு பாதிக்கும் கீழே குறைந்து இயல்பான அளவுக்கு வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 19, 15 சதவீதம்தான். எலும்புத் தேய்மானம் கருதி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடரக் கூடாது என்று அங்கே வரம்பு இருக்கிறது. ரத்தக்கட்டி வரலாறு உள்ளவர்களுக்கும் 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்களுக்கும் பொருந்தாது. கருக்கலைப்புக்குப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோனைக் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்து உதிரப்போக்கைக் குறைப்பதும் இந்தியாவில் வழக்கத்தில் உள்ளது. அது மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து.

மருந்துகளைப் பற்றி நம்பிக்கையோடு பேசும்போது யூலிப்ரிஸ்டலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 2012இல் ஃபைப்ராய்டுக்காக அனுமதிக்கப்பட்ட இந்த மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. பிறகு சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பழுதடைந்து, மாற்றுக் கல்லீரல் பொருத்தும் நிலைவரை போனதும் ஐரோப்பிய மருந்து முகமை 2018இலும் 2020இலும் அதன் பயன்பாட்டைக் குறுக்கியது. கத்தி இல்லை என்பதற்காக ஒரு சிகிச்சை ஆபத்தில்லாதது ஆகிவிடாது. மருந்துக்கும் விலை உண்டு; அதை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மருந்து போதாதவர்களுக்கு, அல்லது கட்டியின் அழுத்தமே தொல்லையாக இருப்பவர்களுக்கு, கர்ப்பப்பை ரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை இருக்கிறது. எம்போலைசேஷன் என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். பாரிஸில் ழாக் ரவீனா என்ற மகப்பேறு மருத்துவர், அறுவையின்போது ரத்தப்போக்கு குறையட்டும் என்று சில பெண்களுக்கு முன்கூட்டியே கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களை அடைக்கச் செய்தார். அவர்களில் பலருக்குத் தொந்தரவுகள் அதிலேயே நின்றுபோய் அறுவையே வேண்டியிருக்கவில்லை. 1995இல் அதை அவர் லான்செட் இதழில் வெளியிட்டார். தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே மெல்லிய குழாயைக் கர்ப்பப்பையின் இரு பக்க ரத்தக்குழாய்களுக்கும் கொண்டுபோய், மணல்துகளைப் போன்ற நுண்துகள்களைச் செலுத்துவார்கள். நீர்வரத்து நின்றுபோன வயலைப் போலக் கட்டி வாடிச் சுருங்கும். கர்ப்பப்பைக்கு வேறு கிளைக்குழாய்கள் வழியே ரத்தம் கிடைப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். இதைச் செய்பவர் மகப்பேறு மருத்துவர் அல்லர், இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். அமெரிக்க அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த கண்டலீசா ரைஸ் 2004 நவம்பரில் இந்தச் சிகிச்சையைத்தான் செய்துகொண்டார். சிகிச்சைக்குப் பின் முதல் நாள் வலி கடுமையாக இருக்கும், சில நாட்கள் காய்ச்சலும் குமட்டலும் வரலாம், அரிதாகத் தொற்று ஏற்படலாம், 45 வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு மாதவிடாய் முன்கூட்டியே நின்றுவிடலாம். இவற்றையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அடைப்புச் சிகிச்சையை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம், "திரும்ப வந்துவிடும், பிறகு எப்படியும் ஆபரேஷன்தான்" என்பது. இதில் உண்மை இருக்கிறது, எவ்வளவு உண்மை என்பதை எண்களில் பார்க்கலாம். நெதர்லாந்தின் எம்மி ஆய்வில் 177 பெண்களைக் குலுக்கல் முறையில் அடைப்புச் சிகிச்சைக்கும் கர்ப்பப்பை நீக்கத்துக்கும் பிரித்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அடைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பின்னால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்திருந்தது. பிரிட்டனின் ரெஸ்ட் ஆய்வில் ஐந்தாண்டுக்குள் மறுசிகிச்சை தேவைப்பட்டவர்கள் அடைப்புச் சிகிச்சையில் 32 சதவீதம், அறுவையில் 4 சதவீதம். அறுவைப் பக்கம் நிற்பவர்கள் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆய்வுகளின் மறுபாதி இது: எம்மியில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்குப் பத்தாண்டு கழித்தும் கர்ப்பப்பை இருந்தது, இரு தரப்பினரின் வாழ்க்கைத் தரமும் ஒன்றுபோலவே இருந்தது. ரெஸ்ட் ஆய்வில் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் அடைப்புச் சிகிச்சைக்கு 1, அறுவைக்கு 5. மூன்றில் ஒருவருக்கு மறுபடி சிகிச்சை வேண்டியிருக்கலாம் என்று தெரிந்தே ஒரு பெண் அடைப்புச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால் அது அறியாமை ஆகாது. ஒரே தடவையில் முடியட்டும் என்று இன்னொருவர் அறுவையைத் தேர்ந்தெடுத்தாலும் அப்படியே. தவறு, அந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கை இருவரிடமும் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது.

வெட்டில்லாத இன்னொரு வழி, வெளியிலிருந்தே ஒலியலைகளைக் கட்டியில் குவித்து அதைச் சூடேற்றி அழிப்பது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி செய்யப்படும் இந்த முறையை அமெரிக்கா 2004இல் அனுமதித்தது. சீனாவில் அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே செய்யும் முறை பரவலாக உள்ளது. ஊசித்துளைகூட இல்லை, அன்றே வீடு திரும்பலாம். ஆனால் கட்டிகள் பல இருந்தாலோ, குடல் குறுக்கே வந்தாலோ பொருந்தாது. அடைப்புச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், ஒலியலைச் சிகிச்சை பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கும் அடைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும் மறுசிகிச்சை வேண்டியிருந்தது. ரேடியோ அலை வெப்பத்தால் கட்டியைச் சுடும் முறையும் வந்திருக்கிறது. அதில் ஒரு வகை வயிற்றில் துளையிட்டுச் செய்வது. இன்னொரு வகை, கர்ப்பப்பை வாய் வழியாகவே கருவியைச் செலுத்துவது. அதற்கு 2018இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. புதிய கருவி, விளம்பரம், கவர்ச்சியான பெயர் என்று மயங்காமல், "என் கட்டியின் இடத்துக்கும் எண்ணிக்கைக்கும் இது பொருந்துமா?" என்று கேட்பது நல்லது.

குழந்தை பெற விரும்புபவர்களுக்கு என் வாதத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையே முன்னுரிமை பெறுகிறது. கர்ப்பப்பைக்குள் பிதுங்கிய சிறு கட்டியை, வயிற்றைத் தொடாமல் கர்ப்பப்பை வாய் வழியே கருவியைச் செலுத்திச் சீவி எடுத்துவிடலாம். அதே நாள் வீட்டுக்குப் போகலாம். அடைப்புச் சிகிச்சைக்குப் பின்னும் கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், இரண்டையும் ஒப்பிட்ட ஒரு செக் நாட்டு ஆய்வில் கர்ப்ப முடிவுகள் கட்டி நீக்க அறுவைக்கே சாதகமாக இருந்தன. குழந்தைப்பேற்றை விட்டுவிட்டு வாழ்க்கைத் தரத்தை மட்டும் பார்த்தாலும்கூட, பிரிட்டனில் 254 பெண்களிடம் நடந்து 2020இல் வெளியான ஃபெம் ஆய்வில் இரண்டாண்டு முடிவில் கட்டி நீக்க அறுவை செய்துகொண்டவர்கள் அடைப்புச் சிகிச்சை பெற்றவர்களைவிடச் சற்று மேலான நிலையில் இருந்தார்கள். அறுவை என்றாலே மோசம், அறுவை இல்லை என்றாலே நல்லது என்று பிரித்துவிட முடியாது என்பதற்கு இது சான்று. கர்ப்பப்பையைக் காப்பாற்றும் அறுவையும் உண்டு. அதைச் சொல்லாமல் நேராக முழு நீக்கத்துக்குப் போவதும் மறைப்புதான்.

"குழந்தைங்க பிறந்தாச்சு, இனி அந்தப் பை எதுக்கு?" என்பதற்கு வருவோம். கர்ப்பப்பையைப் பிள்ளை பெறும் பையாக மட்டும் பார்ப்பதால் வரும் கேள்வி இது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2018இல் வெளியிட்ட ஆய்வு, சினைப்பைகளை விட்டுவைத்துக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 2,100 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் 13 சதவீதமும் இதய ரத்தக்குழாய் நோய் 33 சதவீதமும் அதிகம். 35 வயதுக்குள் எடுத்தவர்களிடம் இதயம் பலவீனமடைவது 4.6 மடங்கு அதிகம். இது கவனித்து எழுதிய ஆய்வு, குலுக்கல் ஆய்வு அல்ல. ஆகவே கர்ப்பப்பை எடுத்ததே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் நம் நாட்டில் அந்த அறுவைகளில் பாதி 34 வயதுக்குள் நடக்கும்போது இந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடவும் முடியாது. இளம் வயதில் கர்ப்பப்பையோடு நல்ல சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் எலும்பும் இதயமும் மேலும் பாதிக்கப்படும் என்பதற்குச் சான்று இன்னும் வலுவானது. எடுக்கவே வேண்டிய நிலை வந்தாலும் "சினைப்பைகளை ஏன் எடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

செலவைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் முழுமையாகாது. "இதெல்லாம் சென்னையில் பணக்காரர்களுக்கு, எங்க ஊரில் கத்திதான் இருக்கு" என்ற எதிர்ப்பில் நியாயம் உண்டு. அடைப்புச் சிகிச்சை செய்யும் ரேடியாலஜிஸ்டுகள் பெருநகரங்களில்தான் அதிகம், ஒலியலைக் கருவி அதைவிட அரிது. ஆனால் முதல் படி மருந்துகளும் இரும்புச்சத்தும் ஹீமோகுளோபின் சோதனையும் எந்தச் சிற்றூரிலும் கிடைப்பவை. ஹார்மோன் வளையத்துக்கு அறுவை அரங்கு தேவையில்லை. நூறு பேரில் கணிசமானவர்களுக்கு இந்தப் படியிலேயே தீர்வு கிடைக்கக்கூடும்; அதைத் தாண்ட வேண்டியவர்களுக்கு நகரத்துக்கு அனுப்பும் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதுவது மருத்துவரின் கடமை. காப்பீட்டில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். அறுவைக்கு மட்டும் பணம் தந்து மற்றவற்றைக் கைவிடும் காப்பீடு, கத்தியின் பக்கம் தராசைச் சாய்க்கிறது.

இன்னொரு பக்கம், கஷாயத்தாலும் உணவாலும் கட்டி கரைந்துவிடும் என்று வாக்குறுதி தருபவர்கள். காய்கறி, பழம், கீரை உடம்புக்கு நல்லதே. வைட்டமின் டி குறைவுக்கும் ஃபைப்ராய்டுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, பச்சைத்தேயிலைச் சாறு பற்றியும் சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் கட்டியைக் கரைக்கும் மூலிகை என்று நம்பத்தக்க ஆய்வால் நிலைநாட்டப்பட்டது எதுவும் இல்லை. கத்தியைப் பார்த்துப் பயந்த பெண்ணை ஆறு மாதம், ஓராண்டு என்று கஷாயம் குடிக்க வைத்து, ஹீமோகுளோபின் 6க்கு இறங்கிய பிறகு அவசரத்தில் ஆபரேஷன் மேஜைக்கு அனுப்புவது, எந்த அவசர அறுவையைவிடவும் கொடியது. நான் சொல்லும் மாற்று வழிகள் எல்லாம் ஆய்வில் சோதிக்கப்பட்டவை, தோல்வி விகிதமும் தெரிந்தவை. தோல்வி விகிதத்தைச் சொல்லாத சிகிச்சையை நம்பாதீர்கள்.

எல்லா வழியும் முயன்று, மருந்து பலிக்காமல், கட்டிகள் வயிறு முழுக்க நிறைந்து, பிள்ளைப்பேறு முடிந்து, மறுபடி மறுபடி சிகிச்சைக்கு அலைய விரும்பாத ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை நீக்கம் நல்ல சிகிச்சையே. ஃபைப்ராய்டு திரும்ப வரவே வராது என்று உறுதி சொல்லக்கூடிய ஒரே சிகிச்சையும் அதுதான். அந்த முடிவை எடுத்தவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த முடிவு எடுக்கப்படும் முன் அவருக்கு இந்த ஏழு கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்க வேண்டும்: கட்டி எந்தச் சுவரில் இருக்கிறது? என் தொந்தரவுக்கு இதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? என் ஹீமோகுளோபின் எவ்வளவு? மருந்தும் வளையமும் எனக்குப் பொருந்துமா, பொருந்தாதென்றால் ஏன்? அடைப்புச் சிகிச்சைக்கு நான் தகுதியானவளா? இப்போது ஒன்றும் செய்யாமல் ஆறு மாதம் பார்த்தால் என்ன ஆகும்? எடுத்தே ஆக வேண்டுமென்றால் சினைப்பைகள் இருக்குமா? இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காகக் கோபப்படும் மருத்துவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டாம். இரண்டாவது கருத்துக்கு வேறொருவரைப் பாருங்கள். ஃபைப்ராய்டு மிக அரிதாகவே அவசரம், பெரும்பாலும் யோசிக்க நேரம் தருகிறது. உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ தோழிக்கோ இந்த அறிக்கை வந்திருந்தால், தேதி குறிக்கும் முன் இந்த ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.